ஆன்டலோப் பள்ளத்தாக்கு, 1997 ஆகஸ்ட் 12: ஒரு குழுப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் ஆன்டலோப் பள்ளத்தாக்கை உள்ளே இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீர் வெள்ளம் பாய்ந்தது. 11 பயணிகள் இறந்தார்கள். 7 பேர் பிரான்ஸ் நாட்டவர், 2 பேர் அமெரிக்கர், ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்தவர், ஒருவர் சுவீடனைச் சேர்ந்தவர். வெள்ளத்தில் சிக்கி உயிரோடு மீண்டவர் ஒரே ஒருவர்தான். ஒரு சுற்றுலாக் குழுவை அங்கே கூட்டிவந்த வழிகாட்டி அவர். பள்ளத்தாக்கு இருக்கும் இடத்தில் அன்று பெய்த மழை மிகவும் சொற்பம்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. பாறை இடுக்கின் வழியே வெளிச்சம் ஒழுகும் அந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப்போகும்போது பேஜையும் சேர்த்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் பள்ளி விடுமுறையில், அதாவது ஜூலை, ஆகஸ்டில் போகிறார்கள். நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் அது ஒரு குழுப் பயணம். அதைத் திட்டமிடுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு குழுத் தலைவர். அவருக்காகவே இந்த ஆய்வு. சம்பந்தப்பட்ட தனிநபர்கள், நிறுவனங்களின் பெயர்களைத் தரவில்லை. யார் மீது குற்றம் என்று தீர்மானிப்பது இங்கே நோக்கமில்லை. முடிவுகள் எந்த இடத்தில், யார் கையில் இருந்தன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பின்னணி: அந்த நிலம்

ஆன்டலோப் பள்ளத்தாக்கு நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லான நவஹோ மணற்பாறை அது. அந்தப் பாறையில் ஒரு ஓடை காலங்காலமாக அறுத்துப் போட்ட கீறல்தான் பள்ளத்தாக்கு. ஆன்டலோப் ஓடை வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல். மழை பெய்தால் மட்டும் ஓடி, கிளென் கேன்யன் அணையால் உண்டான பவல் ஏரியில் போய்க் கலக்கிறது. சுவர்களில் நாம் ரசிக்கிற அலையலையான வளைவுகள் எல்லாம் வெள்ளம் மணலைக் கொண்டு தேய்த்தவை. வெள்ளம் அங்கே வழிதவறி வருவதில்லை. அந்த வழியே வெள்ளம் போட்டதுதான். அங்கே போகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு விஷயம் முதலில் புரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தாக்கு இரண்டு பகுதியாக இருக்கிறது. 98ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஓடையின் மேல்திசையில் இருப்பது மேல் ஆன்டலோப். வடக்கே, ஏரிப் பக்கம் இருப்பது கீழ் ஆன்டலோப். மேல் பகுதிக்குள் மணல் தரையில் அப்படியே நடந்து போய்விடலாம். அடி அகலம், தலை குறுகல். கீழ்ப் பகுதி நேர் எதிர். தட்டையான பாறைவெளியில் நடந்துகொண்டே இருக்கும்போது காலடியில் ஒரு வெடிப்பு தெரியும். ஏணி வழியாக அதற்குள் இறங்க வேண்டும். உள்ளே போகப்போகச் சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராக, ஒருக்களித்துத்தான் போக முடியும். இந்த வித்தியாசம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. மேல் பகுதியில் தண்ணீர் வந்தால் ஓடி வெளியேற ஒரு வாய்ப்பாவது உண்டு. கீழ்ப் பகுதியில் வெளியேற ஏணி மட்டும்தான். 1997இல் அந்த ஏணிகள் கைக்குக் கிடைத்த மரத்தில் செய்து வைத்தவை. பாறையோடு சேர்த்துப் போல்ட் போட்டு முடுக்கியவை அல்ல.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். பேஜில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதில் ஒரு பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, அந்தப் பகுதியின் பருவமழைக் காலத்தில், பிற்பகல் இடிமழையாக வருகிறது. காலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற மேகம் எழும்பும். பிறகு ஒரு சிறிய பரப்பில் மட்டும் கொட்டிவிட்டுப் போகும். பக்கத்து மேட்டில் ஒரு சொட்டு விழாது. அதனால் நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்தத் தரை மழையைக் குடிக்கிற தரையும் இல்லை. எங்கும் வெற்றுப்பாறை, மண் குறைவு, செடிகொடி குறைவு. ஒரு சதுர கிலோமீட்டரில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது இரண்டரைக் கோடி லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி உடனே ஓடையை நோக்கி ஓடிவிடும். பல சதுர கிலோமீட்டரின் தண்ணீர் ஒரே ஓடைக்கு வந்து, அந்த ஓடை திடீரென்று ஒன்றரை மீட்டர் அகல இடுக்குக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் அகலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழமாக, முழங்காலுக்குக் கீழே ஓடிவந்த தண்ணீர், அதே வேகத்தில் அந்த இடுக்கில் போவதென்றால் 6 மீட்டர் ஆழத்துக்கு எழும்பியாக வேண்டும். வெளியே சாதாரணமாகத் தெரியும் நீரோட்டம் உள்ளே இரண்டு மாடி உயரச் சுவராக மாறுவது இப்படித்தான். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரியும்போது ஏணிவரை போக நேரம் இருக்காது.

அன்று கண்ணுக்குத் தெரிந்தது

அன்றைய இடிமழை பள்ளத்தாக்கிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், ஓடையின் மேல்திசையில் கொட்டியது. இறங்கும் வாயிலில் நின்றவர்களுக்குத் தொலைவில் மேகம் தெரிந்திருந்தால் அதுவே அதிகம். ஆகஸ்ட் மாதத்தில் அந்த நிலப்பரப்பில் தொலைவில் கருமேகம் என்பது ஏறக்குறைய தினசரிக் காட்சி. தினமும் தெரிகிற மேகம் பத்து நாள் ஒன்றும் செய்யாமல் போய்விட்டால், பதினோராம் நாள் அதைப் பார்த்துப் பயப்படுகிறவர் குறைவு. ஆபத்து நாளும் சாதாரண நாளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இடம் அது. அனுபவம் நமக்குத் துணை என்றுதான் பொதுவாக நம்புகிறோம். இங்கே அனுபவமே ஆளை அசரவைத்துவிடக்கூடும்.

அன்று பள்ளத்தாக்கில் இறங்கியவர்களில் ஒரு வழிகாட்டியோடு பயணம் செய்துவந்த சிறு குழுவும் இருந்தது. தனியாகக் காரில் வந்தவர்களும் இருந்தார்கள். அந்த வழிகாட்டி உள்ளூர்க்காரர் அல்ல. வெளியூரிலிருந்து பல இடங்களைச் சுற்றிக்காட்டியபடி குழுவைக் கூட்டிவந்தவர். இத்தகைய பயணங்கள் எப்படி நடக்கும் என்பது நமக்கும் தெரிந்ததே. ஒவ்வொரு நாளும் ஒரு ஊர், ஒவ்வொரு ஊருக்கும் சில மணி நேரம். இன்று விட்டால் நாளைக்கு வேறு ஊர். கடல் தாண்டி வந்தவர்கள் மறுபடி வரப்போவதில்லை. இந்த நெருக்கடியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வண்டியில் ஏறும்போதே அது கூடவே ஏறிக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைபேசியில் ரேடார் படம் பார்க்கிற காலம் அல்ல அது. மழை எங்கே பெய்கிறது என்று தெரிந்துகொள்ள வானிலைச் சேவையின் ரேடியோ அறிவிப்பைக் கேட்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் இருக்கும் ஒருவர் தகவல் சொல்ல வேண்டும்.

உள்ளே நடந்தது

வெள்ளம் வந்தபோது இடுக்கில் இருந்தவர்களுக்கு மேலே ஏற வழி இருக்கவில்லை. மர ஏணிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இத்தகைய வெள்ளத்தில் வருவது தெளிந்த நீர் அல்ல. மணலும் கல்லும் கட்டையும் கலந்து, குழம்பாக, கனமாக வரும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. இங்கே வந்தது அந்த அளவோடு ஒப்பிடவே முடியாதது.

உயிர் பிழைத்த வழிகாட்டி, விரைந்தோடும் நீரில் சமாளிப்பதற்கான பயிற்சியை ஏற்கெனவே பெற்றிருந்தவர். உடம்பெல்லாம் அடிபட்ட நிலையில்தான் அவர் மீட்கப்பட்டார். மற்றவர்களைத் தண்ணீர் ஏரிப் பக்கம் கொண்டுபோய்விட்டது. மீட்புக் குழுக்கள் நாள்கணக்கில் தேடின.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே இருந்தவர்களில் வெள்ளத்துக்கென்று பயிற்சி பெற்றவர் அவர். பயிற்சி அவரைக் காப்பாற்ற உதவியது, அதுவும் மயிரிழையில். ஒரு குழுவை அது காப்பாற்றவில்லை, காப்பாற்றியிருக்கவும் முடியாது. ஆறு மீட்டர் தண்ணீர் வரும் இடுக்கில், எவ்வளவு திறமைசாலியானாலும் ஒரு மனிதர் இன்னும் ஐந்தாறு பேரைத் தூக்கி நிறுத்த முடியாது. "நல்ல கைடு கூட இருக்கிறார், பயமில்லை" என்று நாம் சொல்லிக்கொள்வது பனிச்சரிவிலோ காட்டிலோ ஓரளவு சரியாக இருக்கலாம். இங்கே வழிகாட்டியின் திறமை முழுவதும் ஏணிக்கு மேலேயே செலவாகிவிட வேண்டும். இறங்கலாமா, கூடாதா என்ற ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் அவருடைய வேலை. இறங்கிய பிறகு அவரும் ஒரு பயணிதான்.

முடிவுகள்: எடுத்தவை, எடுக்க ஆளில்லாதவை

முதல் முடிவு, ஆகஸ்ட் பிற்பகலில் இறங்கியது. அன்றைய வழக்கப்படி அது அசாதாரணமான முடிவு அல்ல. இன்றும் அந்த மாதத்தில் பிற்பகல் சுற்றுகள் நடக்கின்றன. மேல் ஆன்டலோப்பில் சூரிய ஒளி தூண்போல இறங்கும் காட்சி நடுப்பகலை ஒட்டித்தான் கிடைக்கும். கூட்டமும் அந்த நேரத்துக்கே முண்டியடிக்கும். அதாவது மக்கள் அதிகம் விரும்பும் நேரத்தை அடுத்தே இடிமழை திரளும் நேரம் தொடங்கிவிடுகிறது. முதல் கூட்டம் பார்த்து முடிக்க, அடுத்தவர்களுக்குத் தாமதமாக, கடைசிச் சுற்று மேகம் திரண்ட நேரத்தில் போய் விழும். பருவமழை மாதங்களில் சுற்று நேரத்தை முடிவு செய்யும்போது வெளிச்சத்தை இரண்டாவதாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது, யாருமே எடுக்காத முடிவு. மேல்திசையில் என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கே யாரும் நிறுத்தப்படவில்லை. இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மழை விழுந்த இடம் 10 கிலோமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓடையில் வெள்ளம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தாலும் பள்ளத்தாக்கைத் தொட ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். 2 மீட்டர் வேகம் என்றால் ஒரு மணி 20 நிமிடத்துக்கும் மேல். அதாவது தண்ணீர் கிளம்பியதற்கும் ஆட்கள் மேல் பாய்ந்ததற்கும் இடையே, எல்லோரும் நிதானமாக ஏணி ஏறி வண்டியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நேரம் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் யாருக்கும் பயன்படவில்லை, ஏனென்றால் அந்தச் செய்தி தண்ணீரைத் தவிர வேறு எதன் வழியாகவும் வரவில்லை. இந்த நிகழ்வைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது இங்கேதான். திடீர் வெள்ளம் என்கிறோம். உள்ளே இருந்தவர்களுக்கு அது திடீர். ஓடைக்கு அது திடீர் அல்ல. மேலே ஒருவர், கையில் ஒரு வாக்கி டாக்கி. பதினொரு உயிருக்கும் முடிவுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான்.

மூன்றாவது, முடிவு எடுக்கும் அதிகாரம் சிதறிக் கிடந்தது. வாயிலில் கட்டணம் வாங்குகிறவர், குழுவைக் கூட்டிவந்தவர், பயணி என்று மூன்று தரப்பு இத்தகைய இடங்களில் எப்போதும் உண்டு. வாயிலில் இருப்பவர் "மேகமா இருக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லலாம்; சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று நினைப்பார். ஆபத்து என்றால் அவரே தடுத்திருப்பாரே என்று குழுத் தலைவர் நினைப்பார். கைடு இருக்கிறார், அவருக்குத் தெரியும் என்று பயணி நினைப்பார். மூவருமே நியாயமாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் மூன்று நியாயமும் சேர்ந்து யாருடைய முடிவும் இல்லாத ஒரு இறக்கமாக ஆகிவிடுகிறது. "இன்று இறக்கம் கிடையாது" என்று சொல்ல ஒரே ஒருவருக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவருடைய அன்றைய கூலி போகக்கூடாது. இந்த இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

நான்காவது, ஏணி. அது கட்டுமானப் பிரச்சினை என்பதால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். வெளியேற ஒரே வழியாக இருக்கும் பொருள், எதிலிருந்து தப்பிக்க வேண்டுமோ அதைத் தாங்கி நிற்க வேண்டும். அன்றிருந்த ஏணி தாங்கவில்லை.

பிறகு வந்த மாற்றங்கள்

அந்த ஆண்டிலேயே ஆன்டலோப் பள்ளத்தாக்கு நவஹோ பழங்குடிப் பூங்காவாக ஆக்கப்பட்டு, உள்ளே போக அனுமதி பெற வேண்டும் என்ற முறை வந்தது. இன்று இரண்டு பகுதிக்குள்ளும் வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. கீழ் ஆன்டலோப்பில் ஏணிகள் பாறையோடு சேர்த்து போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டுள்ளன. தேவைப்பட்டால் மேலிருந்து இறக்கிவிடக்கூடிய கயிற்று வலைகள் விளிம்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் வாங்கும் இடத்தில் வானிலைச் சேவையின் ரேடியோவும் அபாயச் சங்கும் இருக்கின்றன. எல்லாமே எளிய பொருள்கள். வலை என்பது நல்ல யோசனை. ஏணியில் ஒருவர் பின் ஒருவர்தான் ஏற முடியும், வலையில் ஒரே நேரத்தில் பலர் தொற்றிக்கொள்ளலாம்.

வெள்ளம் மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2006 அக்டோபர் 30 அன்று வந்த வெள்ளம் 36 மணி நேரம் நீடித்தது. உள்ளே அது கொண்டுவந்து கொட்டியதை அள்ளிச் சீராக்கும்வரை கீழ் ஆன்டலோப் ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. அக்டோபர் கடைசி என்பதைக் கவனியுங்கள். பருவமழை முடிந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

2010 ஜூலை 30 அன்று மேல் ஆன்டலோப்பில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் வந்து, சில பயணிகள் ஒரு பாறைத் திட்டில் சிக்கிக்கொண்டார்கள். சிலரை மீட்டார்கள், மற்றவர்கள் தண்ணீர் வடியும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. 13 வருடம் கழித்து, அதே பருவமழைக் காலம், அதே ஓடை. இதை நல்ல முடிவாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று கேட்டால், எச்சரிக்கை என்றுதான் சொல்வேன். இரண்டாவது வெள்ளம் வந்தது என்பதும் ஒரு பாடம்: முதல் தண்ணீர் வடிந்ததும் வெளியே ஓடலாம் என்று தோன்றும், ஓடையின் இன்னொரு கிளையிலிருந்து அடுத்தது வந்துகொண்டிருக்கலாம்.

இதே கதை, வேறு பாலைவனங்கள்

ஜோர்டானின் பெட்ரா நகருக்குள் போகும் சீக் என்ற நீண்ட பாறை இடுக்கில் 1963 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மனதை உறுத்துவது என்னவென்றால், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே அந்த நகரைக் கட்டிய நபதேயர்கள் அந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். சீக்கின் வாயிலில் அணை கட்டி, வெள்ளத்தைப் பாறைச் சுரங்கம் வழியாக வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். காலப்போக்கில் அந்த அமைப்பு பராமரிப்பில்லாமல் போனது. விபத்துக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி அணை கட்டினார்கள். 2018 நவம்பரில் ஜோர்டானில் கடும் மழை பெய்தபோது பெட்ராவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை நேரத்தோடு வெளியேற்ற முடிந்தது. நாட்டின் மற்ற இடங்களில் அதே மழைக்குப் பலர் இறந்தார்கள். அதே இடத்தில் 1963க்கும் 2018க்கும் உள்ள வித்தியாசம், வெளியேற்றலாம் என்று முடிவெடுக்க ஒரு அமைப்பு இருந்ததுதான்.

இன்னொன்று அமெரிக்காவின் சயன் தேசியப் பூங்கா. 2015 செப்டம்பர் 14 அன்று கீஹோல் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அது வழிகாட்டியோடு சென்ற சுற்றுலா இல்லை. அவர்களாகச் சேர்ந்து போன குழு. அனுமதிச் சீட்டு வாங்கும்போதே வெள்ள வாய்ப்பு பற்றி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நிலைமை முற்றி வானிலைச் சேவை அபாய அறிவிப்பு வெளியிட்டபோது அவர்களைத் தொடர்புகொள்ள வழியில்லை. காலையில் வாங்கிய எச்சரிக்கை பிற்பகலுக்குள் பழையதாகிவிட்டது. ஆன்டலோப்பில் செய்தி போய்ச் சேரவே இல்லை. இங்கே முதல் செய்தி சேர்ந்தது, அடுத்தது சேரவில்லை. அந்தப் பூங்கா இப்போதும் தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறது. அபாய அறிவிப்பு வந்தால் நேரோஸ் என்ற புகழ்பெற்ற ஆற்றுவழி நடையை மூடிவிடுகிறது. மூடுவதும் எச்சரிப்பதும் ஒன்றல்ல. கூட்டமாக வந்தவர்களிடம் "உங்கள் விருப்பம்" என்று விட்டால் கூட்டம் உள்ளே போகத்தான் விரும்பும். தயங்குகிற ஒருவர் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

குழுவைக் கூட்டிப்போகிறவர் மாற்ற வேண்டியவை

பள்ளத்தாக்கை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியதைப் பெருமளவு செய்துவிட்டார்கள். மீதி நம் பக்கம் இருக்கிறது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால் காலையின் முதல் சுற்றுகளுக்கே பதிவு செய்யுங்கள். ஒளித்தூண் படம் கிடைக்காமல் போகலாம், போகட்டும். காலைச் சுற்றைக் கோட்டைவிட ஒரு வேடிக்கையான காரணம் அந்த ஊரில் உண்டு. பேஜ் ஊர் அரிசோனா நேரத்தில் இயங்குகிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நிலம் மாற்றுகிறது. இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். பத்து நிமிடப் பயணத்தில் கைபேசி தானாக முன்னும் பின்னும் தாவும். குழுவில் பாதிப் பேர் ஒரு நேரத்திலும் மீதிப் பேர் இன்னொரு நேரத்திலும் இருப்பார்கள். சுற்று தவறிப்போய், "அப்புறம் மதியம் மூணு மணிக்கு இடம் இருக்கு" என்று கவுன்டரில் சொன்னால் வாங்கிக்கொள்ளத் தோன்றும். முதல் நாளே எந்த நேரம் என்று கேட்டு, எல்லோரையும் ஒரே கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கிளம்புமுன் ஊர்ப்பெயரைப் போட்டு வானிலை பார்ப்பது போதாது. பேஜில் வெயில் என்று காட்டும்; அது உண்மையாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது தெற்கே, ஓடையின் மேல்திசையில் ரேடாரில் என்ன தெரிகிறது என்பது. இடுக்குக்குள் இறங்கிவிட்டால் கைபேசியில் சிக்னலை நம்பவே முடியாது. ஆகவே அபாயச் செய்தி உங்கள் சட்டைப்பைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். இறங்குமுன் வழிகாட்டியிடம் நேராகக் கேளுங்கள்: மேலே இருந்து உங்களுக்குத் தகவல் சொல்வது யார், எப்படிச் சொல்வார், சங்கு ஒலித்தால் நாம் எந்தப் பக்கம் ஏறுவது? மரியாதைக் குறைவான கேள்விகள் இல்லை இவை. நல்ல வழிகாட்டிகள் இதைக் கேட்டால் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்கள்.

வயதானவர்கள் இருந்தால் ஒரு விஷயம். கீழ் ஆன்டலோப்பில் செங்குத்தான படிகள் இருக்கின்றன. மூட்டுவலி உள்ளவர் ஒருவர் ஏறி முடிக்க ஆகும் நேரம்தான் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லோரும் வெளியேற ஆகும் நேரம். அவர்களை மேல் ஆன்டலோப்புக்குக் கூட்டிப்போகலாம். வெளியே நிழலில் உட்காரவைப்பதும் தவறில்லை. கூடவே ஒரு ஆள் இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். குழுப் பயணத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்துக் கட்டிவிடுகிறோம். சுற்றை அவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, நாமாகப் பின்வாங்கினால் வருமா என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துவிட வேண்டும். வராது என்றால், அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்று குழுவில் எல்லோரிடமும் ஊரிலிருந்து கிளம்புமுன்பே பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வாயிலில் நின்றுகொண்டு, பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருக்கும்போது, தெற்கே மேகத்தைக் காட்டி "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்வது கடினம். கூடவே முந்நூறு நானூறு டாலர் கணக்கும் சேர்ந்தால் அது இன்னும் கடினமாகிவிடும். யார் "வேண்டாம்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் மொத்தக் குழுவும் திரும்பிவிடும் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.